விறகு விலையில தண்ணி வாங்குறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் வந்தா போதும், ஊட்டி பக்கம் தலைக்குந்தாவுல உறைபனின்னு உங்க பேப்பர்ல போட்டோ வந்துரும், புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி வெள்ளையா, அத பாத்துட்டு டூரிஸ்ட் கூட்டமும் கிளம்பி வரும். சந்தோஷம்தான். ஆனா அந்த குளிர்ல இங்கயே குடியிருக்கறவங்க வீட்டுக்குள்ள என்னத்த எரிக்கிறோம்னு யாரும் எழுதி நான் பாக்கல, அதான் இந்த லெட்டர்.

நான் கோத்தகிரி பக்கம். பட்டாளத்துல இருந்தப்ப லடாக்ல ரெண்டு குளிர்காலம் புகாரி பக்கத்துல உக்காந்தே ஓட்டினவன். புகாரின்னா தகர டிரம் மாதிரி ஒரு அடுப்பு, அதுல இருந்து பைப் கூரைய தாண்டி வெளிய போகும். ரிட்டயர் ஆகி வந்ததும் அதே மாதிரி ஒண்ணு இரும்புல அடிச்சு ஹால்ல வெச்சேன். மொத வருஷம் நவம்பர்ல குளிர் ஆரம்பிச்சப்புறம் ஓடிப்போய் ஒரு லோடு கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ், எறக்கினேன், எடை போட்டுத்தான் காசு. உள்ள வெச்சா வெட்டுன பக்கம் நுரை தள்ளுது, சீறுது, வீடெல்லாம் புகை, ஹால் மட்டும் சூடாகவே இல்ல. ஜனவரியில பைப்ப கழட்டி பாத்தா உள்ள தார் ஊத்தின மாதிரி கருப்பா படிஞ்சு கெடக்கு, அது தீப்புடிச்சிருந்தா கூரையே போயிருக்கும். விறகுக்காரர கேட்டேன், "பச்சை மரம்னா அப்படித்தான் சார்"னு பீடிய பத்த வெச்சுட்டாரு.

அவர சொல்லி என்ன பண்ண, எடைக்கு விக்கறவருக்கு ஈரம் லாபம். புதுசா வெட்டின மரத்துல ஏறக்குறைய பாதி எடை தண்ணிதான். 20 சதவீதம் ஈரத்துக்கு கீழ காஞ்ச விறகு ஒரு கிலோ எரிஞ்சா, கரண்ட் பில் கணக்குல சொன்னா சுமார் 4 யூனிட் சூடு கெடைக்கும், பச்சை மரம் ஒரு கிலோவுல 2 யூனிட்டுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். ஒரு பக்கம் விறகு விலைக்கு தண்ணிய வாங்கறோம், இன்னொரு பக்கம் அந்த தண்ணிய ஆவியாக்க வாங்கின விறகையே எரிக்கிறோம்.

எந்த மரம் நல்லதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க. சீகை, அதாவது வாட்டில், கனமான மரம், தணல் ரொம்ப நேரம் நிக்கும், என் ஓட்டு அதுக்குத்தான். கற்பூர மரமும் மோசமில்ல, ஆனா பச்சையா இருக்கும்போதே பொளந்துரணும், காஞ்சப்புறம் கை வெச்சா கோடாலி எகிறும். பைனும் தேயிலை கவாத்து மிளாரும் பத்த வெக்க மட்டும். பெயிண்ட் அடிச்ச பழைய கதவு, பிளைவுட் துண்டு இதெல்லாம் வீட்டுக்குள்ள எரிக்கவே கூடாது, புகை விஷம். மரத்தூள்ல அழுத்தின கட்டி நல்லா எரியும், ஆனா நம்மூரு மஞ்சுல மூடாம வெச்சா ஊறி உதிர்ந்துரும். ஆனா எந்த மரமா இருந்தாலும் காயலைன்னா எல்லாம் ஒண்ணுதான். நான் இப்பல்லாம் ஜனவரி கடைசியிலயே வாங்கி பொளந்து, தரையில படாம கட்டை மேல அடுக்கி, மேல மட்டும் தகரம் போட்டு பக்கத்துல காத்து போக விட்டுடறேன், மழைக்கு முன்னாடி நல்ல வெயில் வாங்கிக்கும். ரெண்டு துண்ட எடுத்து தட்டினா டங்குனு கேக்கணும், தொப்புனு கேட்டா இன்னும் நாளாகும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம். ரெண்டு வருஷம் முன்னாடி பொண்ணு குடும்பம் சென்னையில இருந்து வந்திருந்தாங்க, குளிர் தாங்கலன்னு மாப்ள ராத்திரி இரும்பு சட்டியில கரி போட்டு தணலாக்கி பெட்ரூம்ல வெச்சு கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டாரு. கரியில புகை வராதே, அதனால பயமில்லன்னு நெனச்சிருக்காரு. புகைதான் வராது, கார்பன் மோனாக்சைடு நெறைய வரும், வாசனையும் கெடையாது நெறமும் கெடையாது, ரத்தத்துல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். பேத்தி வாந்தி எடுத்த சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்தேன். கதவ தெறந்தா மாப்ள தலைய புடிச்சுட்டு எழ முடியாம உக்காந்திருக்காரு. எல்லாரையும் வெளித் திண்ணைக்கு இழுத்துட்டு வந்து அந்த பனியிலயே உக்கார வெச்சுட்டு வண்டிக்கு போன் பண்ணினேன், தப்பிச்சாங்க. லடாக்ல எங்க யூனிட்ல புகாரி எரியும்போது யாரும் தூங்கக் கூடாதுன்னு தெனம் கத்துவாங்க, அத நான் வீட்ல சொல்லல பாருங்க.

அதனால ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பர்ல உறைபனி போட்டோ போடும்போது அதுக்கு கீழயே ஒரு வரி போடுங்க, பூட்டின ரூம்ல கரி தணல் வெச்சுட்டு தூங்காதீங்கன்னு. லாட்ஜ் புடிச்சு தங்க வர்றவங்களும் அந்த போட்டோவ பாத்துட்டுத்தானே வர்றாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோத்தகிரி