இரண்டு வங்கி அட்டைகள்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதை அம்மாவிடமும் சொன்னேன். நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஆறு மாத ஒப்பந்தத்துக்குப் போகிறாய் என்றதும் அவளுக்கு வந்த பயம் எனக்கு வரவில்லை. 2003 முதல் 2019 வரை நானும் இங்கே பிரித்தானியாவில் அப்படித்தான் குழாய் வரைபடங்கள் வரைந்து குடும்பத்தை நடத்தினேன். ஆனால், "லிமிட்டெட் கம்பனி ஒன்றைப் பதிந்துவிட்டால் சரி, அரை மணித்தியால வேலைதானே அப்பா" என்று நீ சொன்னபோது சற்றுத் தயங்கினேன். பதிவது உண்மையிலேயே அரை மணித்தியால வேலைதான். அதற்குப் பின்னால் வருவதைத் தொலைபேசியில் சொன்னால் பாதியை மறந்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

கம்பனியின் பெயரை யோசிப்பதற்கு முன்பே, இந்த ஒப்பந்தம் ஐ.ஆர்.35 விதிக்குள் (சொந்தக் கம்பனி வழியாக வேலை செய்தாலும் உண்மையில் ஊழியர் போலத்தான் என்றால் ஊழியருக்கான வரியைப் பிடிக்கும் விதி) வருகிறதா, வெளியே நிற்கிறதா என்று, வேலை பிடித்துக் கொடுத்த அந்த ஏஜென்சியிடம் எழுத்தில் கேள். 2000 ஆம் ஆண்டில் அந்த விதி வந்தபோது அதை முடிவு செய்யும் பொறுப்பு எங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர்களிடமே இருந்தது. அரசுத் துறையில் 2017 இலும், நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில் 2021 இலும் அந்தப் பொறுப்பு வேலை கொடுப்பவரிடம் போய்விட்டது. அவர் சிறிய நிறுவனமாக இருந்தால் மட்டும் இன்னும் உன்னுடையது. எப்படி வேலை செய்வது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், உனக்குப் பதிலாக இன்னொருவரை நீ அனுப்ப முடியுமா, வேலை கொடுக்க அவர்களும் அதைச் செய்ய நீயும் கட்டுப்பட்டிருக்கிறீர்களா என்றெல்லாம் பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதே. என் ஒப்பந்தம் ஒன்றில் நான் மாற்றாள் அனுப்பலாம் என்று அழகாக எழுதியிருந்தது. ஆனால் வாசல் கதவைத் திறக்கும் அட்டையில் என் படம் இருந்தது, ஐந்து நாளும் ஒன்பது மணிக்கு நான் அதே மேசையில் இருந்தாக வேண்டும். விதிக்குள் என்று முடிவானால், ஊழியருக்குப் பிடிப்பதைப் போலவே வருமான வரியையும் தேசியக் காப்புறுதியையும் கழித்துவிட்டுத்தான் உன் கம்பனிக்குப் பணம் வரும். அந்த நிலையில் கம்பனி வைத்திருப்பது வீண் செலவு. ஒப்பந்தக்காரர்களைத் தன் ஊழியராக எடுத்துக்கொள்ளும் அம்பரெல்லா நிறுவனம் ஒன்றின் வழியாகச் சம்பளம் வாங்கிக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம்.

வெளியே என்று வந்தால் கம்பனியைப் பதி. ஆனால் பதிந்த நிமிடத்தில் சட்டத்தின் கண்ணில் இன்னொரு ஆள் பிறந்துவிடுகிறார் என்பதை மனதில் வைத்துக்கொள். ஆரோன் சாலமன் என்ற சப்பாத்து உற்பத்தியாளர் 1892 இல் தன் தொழிலை ஒரு கம்பனியாக்கினார். இருந்த 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பனி விரைவிலேயே நொடித்துப்போக, அதன் கடன்களை அவரே கட்ட வேண்டும் என்று வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. 1896 இல், அன்று நாட்டின் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த பிரபுக்கள் சபைதான், கம்பனி வேறு, சாலமன் வேறு என்று தீர்த்து வைத்தது. கம்பனி பட்ட கடனுக்கு உன் வீட்டைக் கேட்க முடியாது என்ற பாதுகாப்பு அங்கேதான் உறுதியானது. வங்கி நீட்டும் தாளில் நீயே தனிப்பட்ட பிணை என்று கையொப்பம் வைத்தால் அந்தப் பாதுகாப்பு அந்தக் கடனுக்கு இல்லை.

கம்பனியின் கடன் உன்னுடையது அல்ல என்றால், கம்பனியின் பணமும் உன்னுடையது அல்ல. இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். 2008 இல் கூரை ஒழுகியபோது, கையில் இருந்த இரண்டு வங்கி அட்டைகளில் கம்பனியின் அட்டையை நீட்டி 8,000 பவுண் கட்டினேன். அடுத்த ஒப்பந்தம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. அந்த ஆண்டு ஒப்பந்தம் வரவில்லை. கம்பனியின் பணிப்பாளரான நான் எடுத்த அந்தக் கடன், கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும் ஆகியும் திரும்பவில்லை என்பதால் கம்பனி அதற்கு வரி கட்ட வேண்டியதாயிற்று. அப்போதைய விகிதம் 25 சதவீதம், ஆக 2,000 பவுண். (இப்போது விகிதம் அதைவிடக் கூட.) கடனை அடைத்த பிறகு அந்த வரி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் காத்திருக்க வேண்டும், எனக்கோ காசு தேவைப்பட்டது அந்த மாதத்தில். அதற்குப் பிறகு கம்பனி அட்டையில் ஒரு ரப்பர் பட்டி சுற்றி வைத்தேன், பையில் கையை விட்டாலே தெரியும்படி.

ஆகவே பணத்தை இரண்டே வழிகளில் எடு: சம்பளமாக, அல்லது பங்கிலாபமாக. பங்கிலாபம், கம்பனி வரிக்கு ஒதுக்கிய பிறகு மிஞ்சும் இலாபத்திலிருந்து மட்டுமே வரலாம். அதை அறிவிக்கக் கூட்டக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். ஒரே ஒருத்தி கூடிய கூட்டத்துக்குக் குறிப்பா என்று சிரிப்பாய், நானும் சிரித்தேன், எழுதி வை. இலாபம் 50,000 பவுண் வரை கம்பனி வரி 19 சதவீதம், 250,000 ஐத் தாண்டினால் 25, இடையில் படிப்படியாக ஏறும். பங்கிலாபத்தில் வரியில்லாத தொகை 2016 இல் 5,000 பவுணாக இருந்து, இறங்கி இறங்கி 2024 இல் 500 ஆகிவிட்டது. பழைய ஒப்பந்தக்காரர்கள் சொல்லும் இலாபக் கணக்கை அப்படியே நம்பாதே. பன்னிரண்டு மாத வரவு 90,000 பவுணைத் தாண்டினால் வாட் (பெறுமதி சேர் வரி) பதிவு கட்டாயம். அதன்பின் 1,000 பவுண் வேலைக்கு 1,200 வரும். அந்த 200 ஒரு நாள்கூட உன்னுடையதாக இருந்ததில்லை. பணம் வந்த அன்றே வரிப் பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடு.

திகதிகளைச் சுவரில் எழுதி ஒட்டு. தொழில் தொடங்கி மூன்று மாதத்துக்குள் கம்பனி வரிக்குப் பதிய வேண்டும். ஆண்டுக் கணக்கைக் கம்பனிப் பதிவு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸிடம் கொடுக்க, முதல் ஆண்டைத் தவிர, ஒன்பது மாதம்தான் அவகாசம். ஒரு நாள் பிந்தினாலும் 150 பவுண் தண்டம், ஆறு மாதத்துக்கு மேல் போனால் 1,500. கணக்காளர் வைத்திருந்தாலும் பொறுப்பு பணிப்பாளரான உன்னுடையதே. 2025 நவம்பர் 18 முதல் புதிய பணிப்பாளர்கள் தங்கள் அடையாளத்தையும் உறுதிப்படுத்தியாக வேண்டும், அதை முதலில் முடி. பதிவு முகவரியாக உன் வீட்டைக் கொடுக்காதே. அது எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு; பதிந்த மறு வாரமே, அரசாங்கக் கடிதம் போலத் தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கும் உறைகள் வரத் தொடங்கும்.

கணக்குப் புத்தகங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால், கம்பனியை மூடிய பிறகும் என் கோப்புகள் மாடி அறையில்தான் கிடந்தன. தாள்களை இப்போதுதான் அழித்தேன். வெறும் கோப்புகளில் உறுதியாக இருந்த இரண்டை நாளை தபாலில் அனுப்புகிறேன். முதுகில் என் கம்பனியின் பெயர் ஒட்டியிருக்கிறது. சுடுநீர் ஆவியில் பிடித்தால் உரிந்துவிடும்.

அன்புடன்,
அப்பா