உன் முழங்காலும் என் மேசையிலுள்ள வால்வும்

அன்பு மச்சான் ரவி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் மாற்றத் தேதி குறித்தாயிற்று என்று படித்ததும் நிம்மதி. எவ்வளவு காலம்தான் படிக்கட்டைக் கண்டு ஒதுங்குவாய்! இங்கே எல்லாரும் சுகம். திருகோணமலையில் வாடைக்காற்று தொடங்கிவிட்டது. வள்ளங்கள் கரையேறி நிற்பதால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

"மூட்டுக்கு உருக்குப் போதாதா, எதற்குக் கோபால்ட் கலவை?" என்று கேட்டிருக்கிறாய். என் மேசையில் இப்போது ஒரு பெரிய டீசல் எஞ்சினின் எக்ஸோஸ்ட் வால்வ், அதாவது எரிந்த புகையை வெளியே விடும் அடைப்பான், கிடக்கிறது. தண்டு முழுக்க உருக்கு. இருக்கையில் வந்து அடிக்கும் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய வளையமாக ஸ்டெலைட். அது கோபால்ட்டும் குரோமியமும் கொஞ்சம் டங்ஸ்டனும் சேர்ந்த கலவை. உருக்குத் தண்டில் கறள் படிந்திருக்கிறது, வளையம் மட்டும் இன்னும் மினுங்குகிறது. லேத்தில் அதைக் கடைய முடியாது என்றில்லை, ஆனால் கருவியைத் தின்றுவிடும். கல்லில் தேய்ப்பதுதான் வழி.

கோபால்ட் கலவைதான் உருக்கைவிடக் கடினம் என்று நினைத்துவிடாதே. நன்றாகத் தோய்ச்சல் கொடுத்த, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்த உருக்கு, கடினத்தை அளக்கும் ரொக்வெல் அளவில் 60 காட்டும். இந்த ஸ்டெலைட் 40 அளவில்தான் நிற்கும். ஆனால் உருக்கின் கடினம் தோய்ச்சலில் வந்தது, சூடு ஏறினால் இறங்கிவிடும். ஸ்டெலைட்டின் கடினம் உள்ளே இருக்கும் கார்பைட் துணிக்கைகளில், அதாவது உலோகமும் கரியும் சேர்ந்த கெட்டியான துகள்களில் இருக்கிறது. செஞ்சூட்டிலும் பெரும்பகுதி தாங்கும். உலோகம் உலோகத்தோடு உரசினால் எளிதில் இறுகிப் பிடிக்காது. எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை ஏற்றி மாட்டிக்கொண்ட யாரையும் கேள், அதன் அருமை தெரியும்.

ஸ்டெலைட்டை 1907இல் காப்புரிமை செய்த அமெரிக்கர் எல்வுட் ஹேன்ஸ், பிறகு துருப்பிடிக்காத உருக்குக்கும் 1919இல் ஒரு காப்புரிமை வாங்கினார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்!

சரி, முழங்காலுக்கு வருவோம். அங்கே செஞ்சூடு கிடையாது, ஆனால் உப்பு இருக்கிறது. கடல்நீரில் 3.5 சதவீதம், உடல் திரவத்தில் 0.9 என்றாலும் அது 37 பாகையில் இரவு பகலாக நனைத்துக்கொண்டே இருக்கும். 316 என்ற வகை எவர்சில்வர் நம் கடலில் திறந்த பக்கத்தில் நன்றாகவே நிற்கும். வாஷருக்கு அடியில், மட்டி ஒட்டிய இடத்தில்தான் குழி விழும். எலும்பு முறிந்தால் போடும் தகடும் ஸ்குரூவும் இன்றும் பல அந்த உருக்கில்தான். எலும்பு பொருந்தும்வரை தாங்கினால் போதும். உன் மூட்டு அப்படியல்ல, ஆண்டுக்கணக்கில் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் உரசவேண்டும். அதனால்தான் தொடை எலும்பின் நுனியில் கோபால்ட்-குரோமியம்-மொலிப்டினம் வார்ப்பை வைத்து, எதிரே பொலித்தீன் தட்டு கொடுக்கிறார்கள்.

இடுப்பு மூட்டில் கோபால்ட்டையே கோபால்ட்டோடு உரசவிட்டு, துகள் இரத்தத்தில் ஏறிப் பலருக்குத் திரும்பக் கழற்றவேண்டி வந்தது உண்மைதான். உனக்கு எதிரே இருப்பது பொலித்தீன், அந்தக் கதை இங்கே அவ்வளவு பொருந்தாது. மலிவுக் கடுக்கன், மணிக்கூட்டுப் பட்டி பட்டால் உனக்கு அரிக்குமே, அதை மட்டும் மறக்காமல் டொக்டரிடம் சொல். அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். 316இல் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல், கோபால்ட் வார்ப்பில் அரை சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் கோபால்ட்டும் சிலருக்கு ஒவ்வாது.

அப்புறம், காந்தம் பிடிக்குமா என்று கேட்டாயே. தனிக் கோபால்ட்டைப் பிடிக்கும். இவ்வளவு குரோமியம் சேர்ந்த கலவையைப் பிடிக்காது. கட்டுநாயக்கா விமான நிலையத்துச் சோதனைக் கருவி மட்டும் சத்தம் போடும், அது மின்சாரம் கடத்தும் எதையும் கண்டுபிடிக்கும்.

அறுவை முடிந்ததும் உள்ளே வைத்த பொருளின் விவரம் எழுதிய அட்டை தந்தால் படம் எடுத்து அனுப்பு. என்ன கலவை என்று பார்க்கிறேன்.

மனோ