தோட்டப் படங்களுடன் திசையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வரும் வீட்டுத் தோட்டப் படங்களைத் தவறாமல் கத்தரித்துச் சேர்த்துவைப்பவர்களில் நானும் ஒருத்தி. படத்தைப் பார்த்துத்தான் ஆசை பிறக்கிறது. ஆனால் படத்தில் உள்ளதை அப்படியே நம் வாசலுக்குக் கொண்டுவர முனைந்தால் என்ன ஆகும் என்பதை நான் காசு செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பாயான் பாருவில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் முன்புறத்துக்கு, மத்திய தரைக்கடல் நாட்டுத் தோட்டம் ஒன்றின் படத்தைக் காட்டி, நடைபாதையில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி இருபுறமும் லாவெண்டர் நடச் சொன்னேன்; வேலையை எடுத்தவரும் மறுபேச்சின்றிச் செய்துகொடுத்தார். கோடையில் மழையே காணாத வறண்ட சரிவுகளில் வளரும் அந்தச் செடி, நீர் வடியாத நம் களிமண்ணில், விடாது பெய்த மாலை மழையில், அடித்தண்டு கறுத்து ஒவ்வொன்றாக அழுகியது. கற்களின் மேல் பாசி படர்ந்து, தேய்த்துக் கழுவிய மறுவாரமே மீண்டும் வழுக்கியது.

மண்ணையும் மழையையும் போலவே வெயிலின் போக்கையும் படம் சொல்வதில்லை. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே இருப்பதால், நண்பகல் வெயில் ஜூனில் வடக்கிலிருந்தும் டிசம்பரில் தெற்கிலிருந்தும் சாய்ந்து விழுகிறது. ஐரோப்பியப் படத்தில் வடக்குச் சுவரோரம் குளிர்ந்த நிழலில் செழித்திருக்கும் பெரணியை நம் வீட்டு வடக்குச் சுவரோரம் வைத்தால், ஆண்டின் நடுவில் கருகிவிடும்.

ஆகவே படத்திலிருந்து செடியை எடுக்காமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. இரண்டாம் முறை நான் கூடத்து ஜன்னலருகே நின்று, எங்கள் வாசலையே காலை, நண்பகல், மாலை எனக் கைப்பேசியில் படமெடுத்து, அச்சிட்ட தாளின் மேல் மெல்லிய வரைதாளை வைத்துப் பென்சிலால் வரைந்து பார்த்தேன். மழை ஓய்ந்ததும் எடுத்த ஒரு படத்தில்தான், வாய்க்காலை ஒட்டி நீர் தேங்கும் மூலை கண்ணில் பட்டது. ஆண்டுக்கணக்கில் அதைக் கடந்து நடந்தும் நான் கவனித்ததில்லை. இன்று லாவெண்டர் நின்ற அதே வரிசையில் குட்டை வெட்சி பூத்துக் குலுங்குகிறது.

1884இல் தொடங்கிய நம் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் எடுக்கும் படங்கள் இவ்வகையில் பெரிதும் உதவும். அங்கு வளர்பவை நம் மழையையும் வெயிலையும் அறிந்தவை. அளவை மட்டும் மறக்கக்கூடாது. அங்குள்ள நாகலிங்க மரம் 100 அடியையும் எட்டக்கூடிய இனம், 20 அடி அகல வாசலுக்கு அது ஆகாது.

எனவே தாங்கள் வெளியிடும் ஒவ்வொரு தோட்டப் படத்தின் கீழும் ஊர், வாசல் நோக்கும் திசை, படமெடுத்த மாதம், செடிகளின் வயது ஆகிய நான்கையும் குறிப்பிட வேண்டுகிறேன். உள்ளூர் வாசகர்களின் வாசல்களுக்கும் அப்பக்கத்தில் இடம் தாருங்கள். என் வீட்டுப் படங்களை அனுப்பி வைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாயான் பாரு, பினாங்கு.