ஈவிக்கு, உன்னைச் சிறையிலிட்டவனைக் குறித்து

அன்புள்ள ஈவி ஹேமண்ட்,

ஆலன் மூர் எழுதி டேவிட் லாயிட் வரைந்த, உன் கதையைச் சொல்லும் 'வி ஃபார் வெண்டெட்டா' என்ற சித்திரக்கதை 1982ஆம் ஆண்டு 'வாரியர்' என்ற பிரிட்டிஷ் இதழில் கறுப்பு வெள்ளைத் தொடராகத் தொடங்கியது. அந்த இதழ் நின்றுபோனதால் பாதியில் அறுபட்டு, டிசி காமிக்ஸ் வழியாக 1989இல் வண்ணத்தில் நிறைவுற்றது. அன்று தொட்டு வாசகர்கள் உன்னைக் காப்பாற்றிய அந்த முகமூடிக்காரன்மீது ஒரே வழக்கைத்தான் நடத்தி வருகிறார்கள்: வி நீதிமானா, பித்தனா? அவ்வழக்கில் உன் சாட்சியத்தை ஒருவரும் சரியாகக் கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

அவனைப் பித்தன் என்று முதலில் எழுதி வைத்தது யார் என்று பார். உன் நாட்டின் பாசிச அரசு நடத்திய லார்க்ஹில் முகாமில் கைதிகளின் உடலில் மருந்துகளைச் செலுத்திச் சோதித்த டாக்டர் டெலியா சர்ரிட்ஜின் நாட்குறிப்பில்தான் ஐந்தாம் அறைக்காரனுக்கு, அதாவது அங்கே கைதியாயிருந்த விக்கு, மனம் பிறழ்ந்துவிட்டது என்ற செய்தி வருகிறது. தோட்ட வேலைக்கென்று அவன் கேட்டு வாங்கிய உரங்களையும் இரசாயனங்களையும் அறைத் தரையில் விசித்திர வடிவங்களாக அடுக்கி வைத்தபோது, அதைப் பைத்தியத்தின் கோலமாகவே அவர்கள் கண்டார்கள். பின்னர் முகாமைத் தகர்த்தது அந்த அடுக்குதான். அதில் ஒரு கணக்கும் பிசகவில்லை. போதாக்குறைக்கு, அந்த நாட்குறிப்பையே போலீஸ் கையில் கிடைக்கும்படி அவன்தான் விட்டுச் சென்றிருக்கிறான், அதிலும் சில பக்கங்களைக் கிழித்துவிட்டு. அதை முழுதாக நம்பலாகாது என்று துப்பறிவாளர் ஃபின்ச்சுக்கே தோன்றுகிறது. ஆகவே பித்து என்ற சொல்லுக்குள் அவனை ஒளித்து வைக்க நான் விரும்பவில்லை. அவன் செய்தது அனைத்தும் அறிந்தே செய்தது.

முகாமை நடத்தியவர்களை அவன் தண்டித்த முறையில் ஒரு பயங்கரமான ஒழுங்கு இருக்கிறது. மனிதர்களை உலைகளுக்கு அனுப்பிய தளபதி புரோதெரோ, தான் சேர்த்து வைத்த பொம்மைகள் கண்ணெதிரே எரிவதைக் கண்டு புத்தி பேதலிக்கிறான். தன் குற்றத்தை ஏற்ற டெலியாவுக்கு வலியில்லாத மரணம் கிடைக்கிறது. குற்றத்துக்கேற்ற தண்டனை என்று வாசகர் மனம் எளிதில் உடன்பட்டுவிடும். என் மனமும் உடன்பட்டது. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் உச்சியில் நிற்கும் நீதிதேவதையிடம், சீருடைக்காரர்களோடு போய்விட்டாய் என்று காதலில் ஏமாந்தவனைப்போல் ஊடிவிட்டு, அவன் அந்தக் கட்டடத்தையே வெடித்துத் தகர்க்கும் காட்சியில்கூட எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. (அந்த நாடகத்தனம் அவனுக்குச் சற்று அதிகம்தான்.)

அந்த உடன்பாடு முறிவது உன் சிறையறையில். நீ நேசித்த கோர்டனைக் கொன்றவனைச் சுடத் துப்பாக்கியோடு நீ காத்திருந்த இரவில் உன்னைப் பிடித்து, தலையை மழித்து, நீரில் அமிழ்த்தி, பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டு வதைத்தது அரசு அன்று, வி. அந்த அறையில் ஒன்று மட்டும் மெய்: எலிப்பொந்து வழியே உனக்கு வந்த வலேரியின் கடிதம். பெண்ணை நேசித்ததற்காக லார்க்ஹில்லில் அடைக்கப்பட்ட அவள், பக்கத்து அறையில் இருந்த விக்குக் கழிவறைக் காகிதத்தில் எழுதிய கடிதம் அது. இறந்துபோன ஒருத்தியின் கடைசிச் சொற்களைத் தன் பொறியில் இரையாக வைக்க அவனால் முடிந்திருக்கிறது. கையெழுத்திடுவதைவிடச் சாவதே மேல் என்று நீ சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. நீ முன்பே சிறையில்தான் இருந்தாய், நான் கம்பிகளைக் காட்டினேன், அவ்வளவுதான் என்கிறான். உன்மீது வைத்த அன்பினால் செய்தேன் என்கிறான். உன் நன்மை எதுவென்று உன்னைக் கேளாமல் முடிவுசெய்து, அதை உன் உடல்மீது நிறைவேற்றும் அந்த அன்பு, நாட்டைக் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு முகாம்களைக் கட்டிய நார்ஸ்ஃபயர் கட்சிக்கும் அந்நியமானதன்று. கொலைகளுக்காக அல்ல, இதற்காகவே அவனை நீதிமான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அங்கிருந்து நீ அச்சமற்றவளாக வெளியே வந்தாய், மழையில் நின்றாய், அவனுக்கு நன்றியும் சொன்னாய். விளைவு நன்றாயிருக்க வழியை ஏன் பழிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆனால் பிறகு கோர்டனைக் கொன்றவனுக்கென ஒரு ரோஜாவைக் காட்டி, பறித்தால் அவனுக்குச் சாவு, பறிப்பது உன் விருப்பம் என்று வி விட்டபோது, அது வளரட்டும் என்று நீ மறுத்தாய். லார்க்ஹில்லில் பணியாற்றிய பாதிரியாரை வி கொன்றதற்குத் துணைபோனதை அறிந்து, இனிக் கொலைக்கு உதவ மாட்டேன் என்று நீ சொன்னது அந்தச் சிறைக்கு வெகுமுன்பு. இடையில் துக்கம் உன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது உண்மைதான். ஆயினும் அந்த மறுப்பின் வேர் உன்னுடையது. வதை கற்றுத் தந்த பாடமாக அதை எழுதிக்கொள்ள அவனுக்கு உரிமையில்லை.

ஃபின்ச் சுட்டு அவன் இறந்தபின் முகமூடியை விலக்கிப் பார்க்காமல் அதை நீயே அணிந்துகொண்டாய். அழிப்பவன் காலம் முடிந்தது, இனிக் கட்டுவதற்கே துணைநிற்பேன் என்று முடிவுசெய்தாய். கலவரத்தில் அடிபட்ட, ஃபின்ச்சின் உதவியாளன் டொமினிக்கை, உன்னை வி அழைத்துவந்த அதே மறைவிடமான நிழல் மாளிகைக்குத் தூக்கி வந்திருக்கிறாய். கதை அதற்குமேல் உங்கள் இருவரையும் காட்டவில்லை. அந்த இளைஞனும் அஞ்சுவான், தயங்குவான், ஒருவேளை உன்னை மறுத்து வெளியேறவும் விரும்புவான். அப்போது அந்த மாளிகையின் அடியில் இன்னமும் இருக்கும் அந்தச் சிறையறையை நீ என்ன செய்வாய், ஈவி?

அன்புடன்,
உன் வாசகன்