சென்னையில் சால்சா சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலரிடம் ஆடக் கற்றவள் நான். எண்ணிக்கை, சுழற்சி, கைப்பிடி எல்லாம் அருமையாகச் சொல்லித்தருகிறீர்கள். ஆனால் அந்தப் பாட்டு யாருடையது என்று வகுப்பில் பேச்சே வருவதில்லை. சால்சா என்றால் பார்ட்டி, கொண்டாட்டம் என்பதோடு முடிந்துவிடுகிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தாளத்தின் வேர் கியூபாவில்தான். அதைச் சால்சாவாக வளர்த்தெடுத்தது நியூயார்க். ஈஸ்ட் ஹார்லெமிலும் சவுத் பிராங்ஸிலும் குடியேறிய, கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் குடும்பங்களுக்கு அதில் பெரும் பங்கு. 1917-லேயே அவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்துவிட்டது, மரியாதைதான் கிடைக்கவில்லை. 1970-களில் பிராங்ஸில் கட்டடம் கட்டடமாக எரிந்தபோதும் இந்த இசை அங்கே ஓயவில்லை.

டிராம்போன் கலைஞர் வில்லி கொலோனை எடுத்துக்கொள்ளுங்கள். பிராங்ஸில் பிறந்து, போர்ட்டோ ரிக்கோக்காரப் பாட்டியிடம் வளர்ந்தவர். 1967-ல், பதினேழு வயதிலேயே, முதல் ஆல்பம். அதில் பாடிய ஹெக்டர் லாவோ, தீவின் பொன்சே நகரிலிருந்து 1963-ல் வந்து இறங்கியவர். ஒருவர் நகரத்துப் பிள்ளை, இன்னொருவர் ஊரிலிருந்து புதிதாக வந்தவர். இருவரும் சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டார்கள். தீவின் மலைக்கிராமத்து விவசாயிகள் மீட்டும் குவாத்ரோ என்ற தந்திக் கருவியை அதில் யோமோ தோரோ வாசித்தார்; பக்கத்திலேயே கொலோனின் முரட்டு டிராம்போன். தீவையே பார்க்காமல் நியூயார்க்கில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் ஊரும் தங்கள் தெருவும் ஒரே பாட்டில் கேட்டன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. அந்த ஆல்பத்தை நான் அவ்வளவு நேசிப்பது இதனால்தான்.

இவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட ஃபானியா நிறுவனத்தை 1964-ல் தொடங்கியவர்களில் ஒருவர், டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஜானி பச்சேகோ. 1973 ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் கலைஞர்கள் பிராங்ஸிலுள்ள யாங்கி ஸ்டேடியத்தில் வாசித்தபோது 40,000 பேருக்கு மேல் திரண்டார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் கச்சேரி பாதியில் நின்றது. ஊரே ஒதுக்கிவைத்த பிராங்ஸில், அத்தனை பெரிய அரங்கம் அந்த ராத்திரி அவர்களுடையதாக இருந்தது.

நீங்கள் சொல்லித்தரும், இரண்டாவது தட்டில் திசை மாற்றி அடிவைக்கும் ‘ஆன் டூ’ பாணியும் இதே நியூயார்க்கில் வளர்ந்ததுதான். அதனால் ஒரு வேண்டுகோள்: புதிய வகுப்பின் முதல் நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தக் கிறிஸ்துமஸ் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைப் போட்டு, யாரையும் ஆடச்சொல்லாமல் கேட்கவிடுங்கள். வாசிப்பவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று சொல்லுங்கள். அப்புறம் எண்ணிக்கையை ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மாணவி