கடைசியாகப் பேசுங்கள்: தலைமைப் பொறுப்பில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். ஆலோசனைக் கூட்டம் என்று நீங்கள் அழைக்கும் கூட்டங்களில் பல, முடிவெடுத்த பிறகே நடக்கின்றன என்பது அங்கே வந்து அமர்பவர்களுக்குத் தெரியும். தலைவர் தம் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிட்டுக் கருத்துக் கேட்டால், அவரவர் தம் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலையே சொல்வார்கள்; அந்தத் தலையாட்டலை ஒருமித்த ஆதரவு என்று எழுதிவைப்பது உங்கள் வசதிக்கு மட்டுமே உதவும்.

1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தியோகோல் நிறுவனத்தின் பொறியாளர்கள், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்பதால், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழான வெப்பநிலையில் ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் நாசாவிடம் வாதாடினார்கள். நாசா அதிகாரிகள் அதிருப்தி காட்டவே, நிறுவனத்தார் தமக்குள் பேச அவகாசம் கேட்டனர். அந்த இடைவெளியில் பொறியியல் பிரிவின் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை அணிந்துகொள்ளும்படி சொல்லப்பட்டது. இறுதி முடிவு நிர்வாகிகள் நால்வரிடம் மட்டுமே கேட்கப்பட்டது; அவர்கள் ஏவலாம் என்றார்கள். மறுநாள் புறப்பட்ட 73ஆம் நொடியில் விண்கலம் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

அன்று யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, நெடுநேரம் கேட்கத்தான் செய்தார்கள். ஆனால் ஏவுவது பாதுகாப்பானது என்று காட்டவேண்டிய பொறுப்பு இடம் மாறி, ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை எச்சரித்தவர்கள் தலையில் விழுந்தது. அதைவிடக் கொடுமை, ஏவுவதற்கு ஒப்புதல் தந்த மேலதிகாரிகளுக்கு இந்த எதிர்ப்பே எட்டவில்லை என்று விசாரணை ஆணையம் பின்னர் கண்டறிந்தது. படிப்படியாக மேலே வரும் அறிக்கை ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மெருகேறித்தான் வரும். ஆகவே சிக்கலை அன்றாடம் கையாள்பவரை இடையாள் இல்லாமல் நீங்களே கேட்க வேண்டும்.

கேட்பது என்றால் சொன்னவர் வழியில் அப்படியே போய்விடுவது என்றும் பொருளில்லை. 1962 அக்டோபர் 27 அன்று, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டதால் எழுந்த நெருக்கடியின் உச்சத்தில், துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளை விட்டுக்கொடுக்காமல் தீர்வு வராது என்று அதிபர் கென்னடி எண்ணினார். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்து சோவியத் தலைவர் குருஷேவை நேரில் அறிந்திருந்த லூவெலின் தாம்சன், தாம் அதற்கு உடன்படவில்லை என்று கென்னடியிடமே சொன்னார். கியூபாவின் மீது படையெடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழியே போதுமானதாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. அந்த வழியிலேயே குருஷேவுக்குப் பதில் கடிதம் சென்றது. கூடவே, கென்னடி மனத்தில் இருந்தபடி, துருக்கியிலுள்ள ஏவுகணைகளை அகற்றும் வாக்குறுதியும் இரகசியமாகத் தரப்பட்டது.

எனவே உங்களிடம் கேட்பது பெரிதல்ல. கடினமான முடிவு முன்னிற்கும்போது உங்கள் எண்ணத்தைக் கடைசியில் சொல்லுங்கள். பதவியில் இளையவரை முதலில் பேசவிடுங்கள். எல்லாரும் சம்மதித்துவிட்டால் மட்டும் சற்றுச் சந்தேகப்படுங்கள். ஒருவருடைய மறுப்பை ஏற்க முடியாதபோது, அந்த மறுப்பையும் அதை ஏற்காததற்கான காரணத்தையும் கூட்டக் குறிப்பில் பதிந்து, அவருக்கும் ஒரு படி கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முடிவுகளோடு வாழ்பவர்களில் ஒருவர்