குக் தீவுகளின் கப்பல் பதிவகத்துக்கு ஒரு பம்ப்மேன் எழுதும் திறந்த மடல்

பசிபிக் கடலில் இருக்கும் குக் தீவுகளின் அரசுக்கும், அதன் பெயரில் கப்பல் பதிவகத்தை நடத்துபவர்களுக்கும்,

கியா ஓரானா, உங்கள் மொழியிலேயே வணக்கம். எண்ணெய் ஏற்றும் டேங்கர் கப்பல்களில், சரக்கை ஏற்றி இறக்கும் பம்புகளைக் கவனிக்கும் பம்ப்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் தூத்துக்குடி.

உங்கள் கொடியோடு போன 'ஈகிள் எஸ்' டேங்கர், நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய்க் கடலடிக் கேபிள்களை அறுத்தது என்பது வழக்கு. 2025 அக்டோபரில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்னது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கேபிள்கள் சேதமான இடம் பின்லாந்தின் எல்லைக் கடலுக்கு வெளியே இருக்கிறது, எனவே இதை விசாரிக்கும் அதிகாரம் கொடி நாட்டுக்கும் அந்த மாலுமிகளின் சொந்த நாடுகளுக்கும்தான் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். கொடி நாடு என்றால் கப்பலைப் பதிவு செய்து தன் கொடியைக் கொடுத்த நாடு, அதாவது நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

2024 கிறிஸ்துமஸ் அன்று அந்த நங்கூரம் தானாக விழுந்ததா, யாராவது போட்டார்களா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அதைப் பேச வக்கீல்கள் இருக்கிறார்கள். என் மனதை அரிப்பது வேறொன்று. கப்பலைப் பிடித்து வைத்த பிறகு பின்லாந்து அதிகாரிகள் ஏறிப் பார்த்தார்கள். 32 குறைகள் கண்டார்கள். அவற்றைச் சரிசெய்யாமல் நகரக் கூடாது என்று சொல்லும் அளவுக்குப் பெரியவை மூன்று: தீத்தடுப்பு, வழிகாட்டும் கருவிகள், பம்ப் ரூம் காற்றோட்டம்.

மூன்றாவதைப் படித்ததும் நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். பம்ப் ரூம் என்றால் என்னவென்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சரக்குத் தொட்டிகளுக்கும் என்ஜின் ரூமுக்கும் நடுவில், மேல்தளத்திலிருந்து கப்பலின் அடிவரை இறங்கும் குழி அது. ஏணியில் தளம் தளமாக இறங்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். பம்பின் சீல் லேசாகக் கசிந்தாலும் அந்த ஆவி போய்த் தேங்குவது மனுஷன் நின்று வேலை செய்யும் அந்த அடியில்தான். அதனால்தான் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேன் வைத்திருக்கிறார்கள். இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே ஃபேனைப் போட வேண்டும், மீட்டரை இறக்கி ஆக்சிஜனும் வாயுவும் பார்க்க வேண்டும், மேலே ஒருவர் வாக்கி டாக்கியோடு நிற்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலே இறங்கும்போது வயிற்றில் ஒரு கலக்கம் இருக்கும். காற்றோட்டமே சரியில்லை என்றால்? ஆவி தலைக்கேறி மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அவர் பக்கத்திலேயே விழுவார். ஒரு பொறி பட்டால் கப்பலே போய்விடும். ஈகிள் எஸ்ஸில் அப்போது இருந்த சரக்கு சுமார் 35,000 டன் பெட்ரோல்.

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் ஜார்ஜியாக்காரர்களும் இந்தியர்களும். கப்பலின் உரிமை ஐக்கிய அரபு அமீரகத்து நிறுவனம் ஒன்றிடம். சரக்கு ஏற்றியது ரஷ்யத் துறைமுகத்தில், இறக்க வேண்டியது எகிப்தில். கொடி மட்டும் உங்களுடையது. கொடி ஏற்றுமுன் உங்கள் ஆள் யாராவது அந்த ஏணியில் இறங்கிப் பார்த்தாரா? பார்த்திருந்தால் என்ன எழுதினார்? பணிவாகவே கேட்கிறேன்: அந்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பொதுவில் வையுங்கள். இந்த ஒரு கப்பலுக்கு மட்டுமல்ல, உங்கள் கொடியில் ஓடும் ஒவ்வொரு கப்பலுக்கும்.

ஐ.நா. கடல் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, கொடி கொடுத்த நாடுதான் கப்பலின் பாதுகாப்பையும் ஆட்களின் வேலை நிலைமையையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. 91-ஆம் பிரிவு, கப்பலுக்கும் நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. கட்டணம் கட்டிய ரசீதைத் தவிர அந்தத் தொடர்பு எதில் இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் பதிவகத்தையே அரசிடம் அதிகாரம் பெற்ற தனியார் நிறுவனம்தானே நடத்துகிறது.

உங்கள் மக்களை நான் குறை சொல்லவில்லை. 15 தீவுகள், ஏறக்குறைய 15,000 பேர். கடலைத் தவிர பெரிய வருமானம் எதுவும் இல்லாத ஊர், சுற்றுலாவை விட்டால். கொடிக் கட்டணம் உங்களுக்கு எவ்வளவு அவசியம் என்பது புரிகிறது. ஆனால் ஒன்று பாருங்கள். உங்கள் தலைநகர் இருக்கும் ரரோடோங்கா தீவிலிருந்து பென்ரின் தீவு 1,300 கிலோமீட்டருக்கு மேல். அங்கேயும் மனிஹிகி தீவிலும் இருக்கும் உங்கள் சொந்த ஜனங்கள் அரிசிக்கும் மாவுக்கும் டீசலுக்கும் சரக்குக் கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்லாந்தை ஒட்டிய பால்டிக் கடலில் உங்கள் கொடிக்குக் குறைவில்லை, பென்ரினில்தான் கப்பலைக் காணோம். சரி, அது உங்கள் வீட்டு விஷயம். விட்டுவிடுகிறேன்.

பொருளாதாரத் தடைப் பட்டியலில் வந்த கப்பல்களின் பதிவை ரத்து செய்துவிடுகிறோம் என்று உங்கள் தரப்பில் சொல்லப்பட்டது. நல்லது. அப்புறம்? கப்பலின் பெயரை அடித்துவிடலாம், உள்ளே இருக்கும் ஆட்களை எப்படி அடிப்பீர்கள்? கொடி போனால் காப்பீடு தகராறாகும், துறைமுகம் கதவைச் சாத்தும், சம்பளம் நிற்கும். 2024-இல் உலகம் முழுக்கக் கப்பலோடு கைவிடப்பட்ட மாலுமிகள் 3,000-க்கும் மேல். அதில் எல்லா நாட்டையும்விட அதிகம் இந்தியர்கள். ஈகிள் எஸ்ஸின் அதிகாரிகள் மூவர், அதில் ஒருவர் இந்தியர், டிசம்பரிலிருந்து ஆகஸ்டு விசாரணை வரை ஊர் திரும்ப முடியாமல் பின்லாந்திலேயே கிடந்தார்கள். உரிமையாளர் என்று யாரும் வந்து அவர்கள் பக்கத்தில் கூண்டில் நிற்கவில்லை.

எங்கள் பக்கத்திலும் அழுக்கு உண்டு. சிடிசி என்ற மாலுமிப் புத்தகம் கையில் கிடைத்த பையனிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, 'கப்பல் நல்ல கப்பல் தம்பி, ஏறிக்கோ' என்று அனுப்பும் ஏஜெண்டுகள் எங்கள் ஊர்களில்தான் இருக்கிறார்கள். உரிமம் இல்லாத ஏஜெண்டிடம் போகாதே என்று இந்திய அரசு திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ஆனால் உரிமம் உள்ள ஏஜெண்ட் காட்டும் ஒப்பந்தத்திலும் கப்பலின் பெயரும் கொடியின் பெயரும்தான் இருக்கும். பம்ப் ரூம் ஃபேன் ஓடுகிறதா என்று அதில் எழுதியிருக்காது. துறைமுகங்களில் பிடித்துப் பார்க்கும் நாடுகள் தாங்கள் கண்ட குறைகளை வெளியிடுகின்றன. கொடி கொடுத்தவர்கள் கண்டதை மட்டும் ஏன் அந்தப் பையன் பார்க்க முடியவில்லை? ஏறுவதற்கு முன் போனில் தட்டிப் பார்த்து, 'இந்தக் கப்பல் வேண்டாம்ணே' என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கக் கூடாதா?

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். உங்கள் கொடி பெறும் ஒவ்வொரு கப்பலையும் யார் பரிசோதித்தார், எந்தத் தேதியில், என்னென்ன குறை கண்டார், உண்மையான உரிமையாளர் யார் என்பதை யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பதிவு ரத்தாகும் நாளில் அந்தக் கப்பலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதையும் கூடவே சொல்லுங்கள். பதில் வந்தால் அதைத் தமிழில் மொழிபெயர்த்து எங்கள் ஊர் மாலுமிகளிடம் கொடுக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப்மேன் ஒருவன்,
தூத்துக்குடி